அறைக்கு ஒரே பிளேடு

இன்று காலையில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால், நடைபாதை மரத்தடியில், சுவரில் கண்ணாடி மாட்டி வைத்து முடிவெட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். சட்டைப்பையிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்து, என் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டு, தாளோடு சேர்த்து இரண்டாக ஒடித்தார். டிக் என்று ஒரு சத்தம். "புதுசுதான் ஐயா, பாத்துக்குங்க" என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கொடுக்க வேண்டியதை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தேன். கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

எதற்குக் கோபம் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? பிளேடு சந்தையில் பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக ஒன்றை ஒடிக்கிறார், வேலை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் தூக்கிப் போடுகிறார். உனக்கு ஒன்று கிடைக்கவில்லை, டேய். ஒன்றே ஒன்று.

மீதி முகத்தை வீட்டுக்கு வந்து நானே மழித்துக்கொண்டேன். இன்றைக்கு மழிக்காமல் போக முடியாது. உன் மகள் லின்னுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் மதியம் வருவதாக இருந்தார்கள், பெண் வீட்டுப் பெரியவனாக நான்தான் உட்கார வேண்டும். போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் நெஞ்சில் கிடப்பதைக் கொட்டித் தீர்க்கிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் வீட்டிலும் என் வீட்டிலும் இதைப் படிக்க ஆள் கிடையாது. நிம்மதியாகத் திட்டலாம்.

நாம் உள்ளே போன கதையை நீ சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கான் ஹொய் துறைமுகத்துக் கிடங்கில் நம் இருவருக்கும் மூட்டை இறக்குகிற வேலை. மூட்டைகளுக்கு அடியில் கடத்தல் சிகரெட் இருந்தது நமக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம். "முதலாளி டான் சோன் நாட் ஏர்போர்ட்டுல பிளேன் ஏறினாரு, நாங்க போலீஸ் லாரி ஏறினோம்" என்று கையை விரித்துச் சொல்வாய். வடக்கிலிருந்து வந்த பட்டாளம் இந்த ஊரைப் பிடித்து இருபது வருஷம் ஆகியிருந்த சமயம். செட்டியார்கள் எப்போதோ போய்விட்டார்கள். அவர்களுக்குச் சமைக்க வந்த உன் ஐயா, இந்த ஊர்க்காரியான உன் அம்மாவைக் கட்டிக்கொண்டதால் தங்கிவிட்டார், மாரியம்மன் கோயிலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். என் தாத்தா காரைக்காலிலிருந்து வந்த பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். என் அப்பா தெரு நாய்க்குக்கூட 'போன்ஜூர்' சொல்லுவார். நகருக்கு வெளியே இருந்த அந்தச் சிறையில் தமிழ் பேச நாம் இரண்டு பேர்தான். காவலர்களை அவர்கள் முகத்துக்கு நேராகவே சிரித்துக்கொண்டு திட்டினோம். அந்த ஒரு சுகம் நமக்கு இருந்தது.

சனிக்கிழமை உனக்கு நினைவிருக்குமே. அதிகாரிகளைக் 'கான் போ' என்றுதான் கூப்பிட வேண்டும், மரியாதைச் சொல். கான் போ கம்பிக்கு வெளியே நின்று சவரக்கத்தி ஒன்றை நீட்டுவார். அறை முழுவதற்கும் அது ஒன்றுதான். ஒரு குவளைத் தண்ணீர், ஒரு துண்டுச் சோப்பு. மூய் மழித்துவிடுவான். மூய் என்றால் பத்து, வீட்டில் பத்தாவது பிள்ளை என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வெளியே முடிவெட்டும் கடை வைத்திருந்தவன், ஊசிப் பழக்கத்தால் கடையையும் விட்டு உள்ளே வந்தவன். அறையில் பாதிப் பேர் அப்படித்தான். கை நரம்பெல்லாம் கறுத்துப்போன பிள்ளைகள். ஒருவன் முகம் முடிந்ததும் குவளையில் ஒரு அலசு, அடுத்தவன் முகம். கடைசி ஆளுக்கு வரும்போது தண்ணீர் சிவந்திருக்கும். பிளேடு சுத்தமாக அறுக்காமல் போகிறவரை மாற்ற மாட்டார்கள். எல்லோரும் மழித்து முடித்ததும் கான் போ அதை வாங்கிப் பூட்டி வைப்பார். பிளேடு ஆயுதமாம், அதனால் அதன்மேல் அவ்வளவு அக்கறை. நம்மேல் அந்த அக்கறையில் கால்வாசி இருந்திருந்தால் ஒரு கெட்டில் கொதிநீராவது கொடுத்திருப்பார்கள்.

உன் ஐயா இறந்த செய்தியை உன் மனைவி லான் கொண்டுவந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உன் ஐயாவின் பேச்சிலேயே சொல்ல வேண்டுமே என்று, அவளுக்குத் தெரிந்த உடைந்த தமிழில் "ஐயா போயிட்டார்" என்றாள். கோயிலில் பூக்கட்டுகிறவர் கொள்ளி வைத்ததாகச் சொன்னாள். நீ அழவில்லை. அறைக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். "கருமாதிக்குள்ள மொட்டை போடணும் மாப்ளே" என்றாய்.

லான் மறுபடியும் வந்தாள். பார்க்க விடவில்லை, வாசலில் சாமான் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். விபூதிப் பொட்டலம், வாழைப்பழம், ஒரு சின்னக் கட்டுப் புது பிளேடு. பழம் மட்டும் உள்ளே வந்தது. நான்தான் கம்பியருகே போய்க் கேட்டேன்.

"கான் போ, இவன் அப்பா இறந்துட்டார். எங்க வழக்கப்படி மகன் தலையை மழிச்சுக்கணும். பிளேடு வாசல்ல இருக்கு. ஒண்ணே ஒண்ணு குடுங்க. உங்க கண்ணு முன்னாலயே மழிச்சிட்டு உங்க கையிலயே திருப்பிக் குடுத்துடறோம்."

"அறைக்கு ஒரு பிளேடு. சனிக்கிழமை வரும்."

"அது எல்லார் மூஞ்சியிலயும் போனது."

"அப்ப இன்னொரு தலையிலயும் போகட்டும்" என்றார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. அவர் இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறாரோ என்னவோ. நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லாயிருக்கக் கூடாது.

நான் உன்னிடம் கெஞ்சினேன். "வேணாம்டா, வெளிய போய்ப் பாத்துக்கலாம், சாமி கோச்சுக்காது." நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். "ஐயாவுக்கு நான் ஒத்தப் பையன். கொள்ளி வைக்கத்தான் விடல. மயிரக்கூடவாடா குடுக்கக் கூடாது?" நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்கு அந்தக் கடமை இல்லை. ஆனாலும் அதற்குமேல் உன்னைத் தடுக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. போன வாரத்துப் பிளேடேதான். மூய் எல்லோரையும் கையமர்த்திவிட்டு உன்னை முதலில் உட்காரவைத்தான். பிளேடைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான், குவளையின் உள்விளிம்பில் வைத்துத் தீட்டினான், மறுபடியும் சோப்புப் போட்டான். பாவம், அவனுக்குத் தெரிந்த சுத்தம் அவ்வளவுதான். அது அவர்கள் கொடுத்த பிளேடு, அவன் என்ன செய்வான்? கன்னத்துக்கே இழுக்காத பிளேடு உன் தலையில் என்ன இழுக்கும்? ஒவ்வொரு இழுப்புக்கும் கீறல். நெற்றியில் இறங்கிய ரத்தத்தை நான் என் சட்டையால் துடைத்துக்கொண்டேயிருந்தேன். மீசையையும் எடுத்தான். முடிந்ததும் மூய் தன் சட்டையைக் கழற்றி உன் தலையைத் துவட்டிவிட்டு, "உங்க அப்பா வழி நல்லபடியா போகட்டும்" என்றான். அறையில் இருந்த திருடனும் கஞ்சா விற்றவனும் ஊசி போட்டவனும் எழுந்து நின்றார்கள். உன் ஐயாவுக்கு அதைவிடப் பெரிய கருமாதி வெளியே நடந்திருக்காது.

வியாதி உனக்குள் போனது அந்தச் சனிக்கிழமைதானா, அதற்கு முந்திய ஏதோ ஒரு சனிக்கிழமையா, யாருக்குத் தெரியும்? அதே பிளேடுதான் என் கன்னத்திலும் ஓடியது. ஆனால் அன்றைக்கு உன் தலை முழுக்கத் திறந்து கிடந்தது. நான் அந்த நாளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சில வாரத்தில் உனக்குக் காய்ச்சல். கண் மஞ்சளானது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. உன்னைப் போல இன்னும் சில பேர். வெள்ளைக்கோட்டு ஆட்கள் வந்து அறை முழுவதற்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். எதற்கு என்று கேட்டோம், ஏதாவது இருந்தால் சொல்வோம் என்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலையில் பெயர் கூப்பிட்டு உன்னையும் மூயையும் இன்னும் பலரையும் மூட்டை கட்டச் சொல்லி, கோடியிலிருந்த வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். உங்களுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. ஏன் என்று கேட்டதற்கு, இங்கே நெருக்கடி என்றார்கள்.

பிரித்து வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை, பார்த்தாயா! யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்துதானே பிரித்தார்கள்? அந்தக் கோடி அறைக்கும் சனிக்கிழமை ஒரே பிளேடுதான் போனதென்று பிறகு நீ சொன்னாய். கல்லீரல் வியாதிக்காரனும் சீடாக்காரனும் ஒரே அறை, ஒரே கத்தி. எய்ட்ஸை இந்த ஊரில் சீடா என்பார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். ஒரு வியாதியோடு உள்ளே போனவனுக்கு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்து அனுப்ப அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

வெளியே வந்தோம். உனக்கு மஞ்சள் போய்விட்டது, உடம்பு தேறிவிட்டது என்றுதான் நினைத்தோம். கான் ஹொய் பாலத்தடியில் மோட்டார்சைக்கிள் வைத்துக்கொண்டு ஆட்களை ஏற்றி இறக்கினாய். லின் பிறந்தாள். அவளைப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்காரவைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பாய். சாயங்காலமானால் நடைபாதையில் குட்டை நாற்காலி போட்டு, ஐஸ்கட்டி மிதக்கும் பீரோடு நீயும் நானும் உட்காருவோம். நீ இரண்டாவது கிளாஸுக்கு மேல்தான் பாட ஆரம்பிப்பாய். கண்றாவியாகப் பாடுவாய்.

அந்தப் பீரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் கல்லீரலை வியாதி உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தது, மேலேயிருந்து நாம் பீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். குடிக்காதே, உனக்குக் கல்லீரலில் இது இருக்கிறது, டாக்டரிடம் போ. ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பணம் வேண்டாம், மருந்து வேண்டாம். வாயைத் திறந்திருந்தால் போதும். நீ குடிக்காமல் இருந்திருப்பாய், எனக்குத் தெரியும். லின்னுக்காக விட்டிருப்பாய். இப்போது அந்த வியாதிக்கு மாத்திரை வந்திருக்கிறது, சில மாதம் போட்டால் ரத்தத்திலிருந்தே போய்விடுகிறதாம். அதுவரைக்கும் உன்னை இழுத்துப் பிடித்திருக்கலாம். அவர்கள் உனக்குச் சொல்லாமல் போனதால் போனாய்.

வயிறு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஊசி போட்டவனா?" என்றார். லான் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இவன் ஊசியே தொட்டதில்ல! இவன் அந்த மாதிரி ஆளில்ல!" என்று கத்தினேன். பக்கத்துப் பெஞ்சில் எலும்பும் தோலுமாக இருந்த ஒருவன் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நீ அதைப் பார்த்தாய். என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய்.

"சும்மா கெட மாப்ளே. என்னை மட்டும் தனியா எடுத்து வைக்காத. மூய் கையால வாங்கித் தின்னோம். எல்லாருக்கும் அதே பிளேடுதான்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வரும்வரை உன்னோடு சண்டை போட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன தப்பு என்று கேட்டேன். "உண்மைதான். ஆனா நீ அதைச் சொன்னப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா?" என்றாய். மூய் அதற்கு முன்பே, கோடி அறையிலேயே செத்துப்போயிருந்தான். அவனுக்காக யாரும் கத்தியிருக்க மாட்டார்கள்.

நீ போன அன்று அந்தத் தெரு நடந்துகொண்டதை நான் மறக்கவில்லை. சீடா என்று முடிவு கட்டிவிட்டார்கள். லான் ஊற்றி வைத்த தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது. தூக்க வந்தவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு, கட்டிலைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவினார்கள். நானும் லானும்தான் உன்னைக் குளிப்பாட்டினோம். உன் தலையை நான் வெறுங்கையால் கழுவினேன். எட்டி நின்று பார்த்தவர்களைப் பார்த்துக்கொண்டேதான் கழுவினேன்.

இப்போது இன்று மதியத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி மூடிய தட்டுகளோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர்க்குழாய் கடை வைத்திருக்கிறார், அதிகம் பேசாதவர். அவர்கள் வருமுன்னே லான் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "கேப்பாங்க அண்ணா. இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. உண்மைதானே" என்றாள். லின் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அந்தப் பையன்மேல் உயிர்.

கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட அப்பா ஊசிப் பழக்கத்துல போனார்னு சொல்றாங்க. சீடான்னும் சொல்றாங்க."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்யுமில்லை. ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால் நீ என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாய்!

"ஊசி போட்டதில்ல, சீடாவும் இல்ல, கல்லீரல். ஆனா அதைச் சொல்லி அவனை நான் நல்லவனாக்கப் போறதில்ல" என்றேன். "அந்த அறையில ஊசி போட்டவங்களும் இருந்தாங்க. அவங்களும் செத்தாங்க. எல்லாருக்கும் ஒரே பிளேடக் குடுத்தாங்க. அப்பன் செத்ததுக்கு மொட்டையடிக்க ஒரு புது பிளேடு கேட்டோம், சிரிச்சாங்க. ரத்தம் எடுத்துப் பாத்து, வியாதின்னு தெரிஞ்சு, சொல்லாம வெளிய அனுப்பினாங்க. அவன் என்ன பண்ணான்னு கேக்கறீங்களே, அவனை என்ன பண்ணாங்கன்னு கேளுங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. லான் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். லின் தரையைப் பார்த்தாள். கெடுத்துவிட்டேன், உன் மகளின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் தம்பி ஊசி போட்டவன்" என்றார். அவர் மகன் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான், அவனுக்கே தெரியாதுபோல. "உள்ள போனான். திரும்பி வரல. வீட்டுல நாங்க அவன் பேர எடுக்கறதே இல்ல." அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "உங்க அறையில அந்த மாதிரி ஆளுங்கள... கூட உக்கார வெச்சு சாப்பிட்டீங்களா?"

"ஒரே தட்டுல" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், சுவரில் இருந்த உன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. லின் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இனியாவது ஆறிப்போகலாமே என்று நினைக்கிறாயா? ஆறாது. உனக்கும் மூய்க்கும், பெயர் சொல்லக்கூட ஆளில்லாமல் போன அந்தத் தம்பிக்கும் சேர்த்து இந்தக் கோபத்தை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே வைக்க எனக்கு மனமில்லை. நீ கான் ஹொய் வீட்டில், லான் மடியில் தலை வைத்து உயிரை விட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியாததா? இருந்தாலும் இனிமேல் யாராவது நீ எந்த நோயில் போனாய் என்று கேட்டால், நோயைச் சொல்ல மாட்டேன். சிறையில் செத்தான் என்று சொல்வேன்.